கார்ஸ்ட் நிலத்தில் வறட்சி மாதக்கணக்கில் வருவதில்லை: வறட்சி அறிவிக்கும் பொறுப்பில் இருப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கார்ஸ்ட் நிலப்பகுதிகளில் வறட்சியைக் கண்காணித்து அறிவிக்கும் வானிலை, வேளாண்மை, பேரிடர் மேலாண்மைத் துறைகளின் பொறுப்பாளர்கள்

மதிப்புக்குரியீர்,

மழை நின்ற நாளுக்கும் பயிர் வாடத் தொடங்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் இருக்கிறது? வறட்சி அறிவிப்பு, நிவாரணம், காப்பீடு, பாசன முறை எல்லாம் இந்த ஒரு கேள்வியின் விடையைப் பொறுத்தே அமைகின்றன. ஆழமான வண்டல் மண்ணில் அந்த இடைவெளி மூன்று வாரத்துக்குக் குறையாது. சுண்ணாம்புக்கல்லும் அதையொத்த டோலமைட் பாறையும் கரைந்து உருவான கார்ஸ்ட் நிலத்தில், கோடையில், அது மூன்று நாளாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு நிலத்துக்கும் ஒரே மாதக் குறியீட்டை வைத்து ஒரே நாளில்தான் அறிவிப்பு வெளியாகிறது. இதை மாற்றக் கோரியே இந்த மடல். எதை, எப்படி, எந்த அளவில் மாற்ற வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறோம்.

உலகில் பனி மூடாத நிலப்பரப்பில் ஏறத்தாழ 15 விழுக்காடு கரையும் பாறையால் ஆனது. அங்கெல்லாம் மழை குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். மான்டனீக்ரோவின் ஓரியன் மலையில் உள்ள ட்சர்க்விட்சே, ஐரோப்பாவிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுச் சராசரி 4,500 மி.மீ.க்கு மேல். ஆனால் அந்த மலை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். தரையில் ஓடை கிடையாது, கோடையில் நிலம் காய்கிறது. தென்மேற்குச் சீனாவின் குய்சோ, குவாங்சி, யுன்னான் மாகாணங்களின் கார்ஸ்ட் பகுதிகளில் பெரும்பாலானவை ஆண்டுக்கு 1,000 மி.மீ.க்கு மேல் மழை பெறுபவை. 2009 இலையுதிர்காலத்தில் தொடங்கி 2010 வசந்தம் வரை நீடித்த கடும் வறட்சி அந்த மூன்று மாகாணங்களையும்தான் வாட்டியது. மழை எவ்வளவு பெய்தது என்பதை மட்டும் வைத்து இந்த நிலத்தின் வறட்சியைக் கணிக்க முடியாது. பெய்த மழையில் எவ்வளவை நிலம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிடித்து வைக்க அங்கே மண் குறைவு. சுண்ணாம்புக்கல் கரையும்போது அதன் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது. கரையாமல் எஞ்சும் சிறு விழுக்காடு களியும் தூசியும்தான் மண்ணாகச் சேர்கின்றன. அதனால் ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அப்படிச் சேர்ந்த மண்ணும் ஒரே சீராகப் படிவதில்லை. பாறை முகடுகளுக்கு இடையே திட்டுத் திட்டாக, விரிசல்களில் இடுக்கு இடுக்காக இருக்கும். அதன் கீழே எபிகார்ஸ்ட் என்னும், கரைந்து வெடிப்புவிட்ட பாறை அடுக்கு சில மீட்டர் முதல் பத்து மீட்டருக்கும் மேல் இருக்கும். மண் கொள்ளாத நீர் அதில் இறங்குகிறது. கொஞ்சம் அங்கே தங்குகிறது, மிச்சம் குழாய் போன்ற வழிகளில் இறங்கி அடியில் உள்ள ஓடைகளுக்குப் போய்விடுகிறது. கார்ஸ்ட் சரிவுகளில் தரைமேல் வழிந்தோடும் நீர் பெரும்பாலும் பெய்த மழையின் 5 விழுக்காட்டைக்கூடத் தொடுவதில்லை. ஓடையில் வெள்ளம் இல்லை என்பதால் மழை மண்ணில் ஊறிவிட்டது என்று எடுத்துக்கொள்வது இங்கே மிகப் பெரிய பிழை. மண்ணைத் தாண்டி, வேருக்கு எட்டாத ஆழத்துக்கு அது போய்விட்டது.

இதை எண்ணில் பார்க்கலாம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1998இல் வெளியிட்ட 56ஆம் எண் பாசன ஆவணத்தின் கணக்குமுறையையே எடுத்துக்கொள்வோம். கார்ஸ்ட் சரிவில் 30 செ.மீ. ஆழமுள்ள செங்களி மண். அது நீர் வடிந்து நின்ற நிலையில் பிடித்திருக்கும் ஈரம் கன அளவில் 34 விழுக்காடு. பயிர் வாடி மீளாத நிலையில் அதில் எஞ்சுவது 22 விழுக்காடு. களி மண் தண்ணீரை நிறையப் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் வேருக்குக் கொடுக்காமலும் நிறைய வைத்துக்கொள்ளும். ஆகப் பயிருக்குக் கிடைப்பது 12 விழுக்காடு, அதாவது 36 மி.மீ. அந்த மண்ணில் கால் பங்கு கல் என்றால் மிஞ்சுவது 27 மி.மீ. மக்காச்சோளம் சிரமமின்றி எடுக்கக்கூடியது இதில் 55 விழுக்காடு: ஏறத்தாழ 15 மி.மீ. பூக்கும் பருவத்தில் அது ஒரு நாளைக்கு 5 மி.மீ. குடிக்கும். மூன்றே நாளில் அந்த 15 மி.மீ. தீர்ந்துவிடும். அதன்பின் வேர் இழுத்து எடுப்பது நாளுக்கு நாள் குறைந்து, எட்டாம் நாள் தேவையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

அதே மக்காச்சோளம், அதே வெயில், 1.2 மீட்டர் வேர் இறங்கும் வண்டல் மண்ணில் நிற்கட்டும். அங்கே கிடைக்கும் நீர் மீட்டருக்கு 160 மி.மீ., மொத்தம் 192 மி.மீ.; எளிதில் எடுக்கக்கூடியது 105 மி.மீ. வாட்டம் தொடங்க 21 நாள் ஆகும். வானில் நடந்தது ஒன்றே. நிலத்தில் நடந்தது ஏழு மடங்கு வேறுபடுகிறது.

இப்போது உங்கள் கையில் உள்ள கருவிகளுக்கு வருவோம்.

தரப்படுத்தப்பட்ட மழைக் குறியீடு (எஸ்பிஐ) 1993இல் மெக்கீ, டோஸ்கென், கிளைஸ்ட் ஆகியோர் வகுத்தது. எளிமையானது, நம்பகமானது, உலகம் முழுதும் ஒப்பிட்டுப் பார்க்க உதவுவது. அதன்மேல் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் அதன் மிகக் குறுகிய வழக்கமான அளவே ஒரு மாதம். வேளாண் வறட்சிக்கு உங்களில் பலர் பார்ப்பது மூன்று மாத அளவு. மழை இயல்பாக இருந்தால் பூஜ்யத்தையும் குறைந்தால் மைனஸையும் காட்டும் அந்த எண் மைனஸ் 1ஐத் தொடும்வரை காத்திருக்கிறீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் நல்ல மழை, ஜூன் முதல் 20 நாள் சொட்டு மழை இல்லை, கடைசிப் பத்து நாளில் 150 மி.மீ. கொட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கும் இயல்பு, மூன்று மாதக் கணக்கும் இயல்பு. ஜூன் நடுவில் பட்டிழை விட்ட மக்காச்சோளமோ மணி பிடிக்காமல் போயிருக்கும். இந்த இழப்பு எந்த அட்டவணையிலும் வறட்சியாகப் பதிவாகாது. பதிவாகாத இழப்புக்கு இழப்பீடும் கிடையாது.

மழையின் மொத்தத்தைவிட அது பெய்யும் விதம் இங்கே முக்கியம். ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால், வறண்டிருந்த அந்த 30 செ.மீ. மண் 27 மி.மீ.ஐத்தான் பிடிக்கும், மீதி 73 மி.மீ. பாறைக்குள் இறங்கிவிடும். அதே 100 மி.மீ. ஆறு நாளைக்கு ஒருமுறை 20 மி.மீ. வீதம் ஐந்து மழையாக வந்தால் ஏறத்தாழ முழுவதும் பயிருக்குப் போகும். மாதக் கூட்டுத்தொகை இரண்டையும் ஒன்றாகவே காட்டும். மறுபுறம், தேவையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூறல், நாளொன்றுக்கு ஒரு மி.மீ.க்கும் குறைவானது, இலையிலும் மேல்மண்ணிலுமே ஆவியாகிவிடும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அப்படியென்றால் எஸ்பிஐயை ஐந்து நாளுக்கு, பத்து நாளுக்குக் கணக்கிடலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். அவ்வளவு குறுகிய இடைவெளியில் மழையே இல்லாத பூஜ்யங்கள் மிகுந்துவிடும். குறியீடு நம்பியிருக்கும் காமா பரவல் என்னும் புள்ளியியல் வளைவு பொருந்தாது. வரும் எண்ணுக்கு மைனஸ் 1, மைனஸ் 1.5 என்ற எல்லைகள் தரும் பொருளும் கெட்டுவிடும். குறுகிய கால அளவுக்குத் தேவை நாள்வாரி மண்ணீர்க் கணக்கு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

அதற்கு முன், ஆய்வறிக்கைகளில் நீங்கள் நம்பும் ஒரு எண்ணைப் பற்றிப் பேசியாக வேண்டும். மழைக்குறைவு மண்ணீர்க் குறைவாக மாற எடுக்கும் காலத்தைப் பரவு காலம் என்கிறோம். அதைக் கண்டறியும் வழக்கமான முறை இது: ஒரு மாத மண்ணீர்க் குறியீட்டை எடுத்து, 1 முதல் 12 அல்லது 24 மாதம் வரையிலான எஸ்பிஐ ஒவ்வொன்றோடும் ஒட்டுறவுக் கெழுவை (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்னும் எண்ணை) கணக்கிட்டு, எது மிக அதிகமோ அந்த மாத எண்ணிக்கையைப் பரவு காலமாக எழுதுவது. கார்ஸ்ட் நிலத்தில் இதில் மூன்று இடத்தில் தவறு நேர்கிறது.

முதலாவது வெளிப்படையானது. மாதப் படியில் பார்த்தால் மிகக் குறைந்த விடை ஒரு மாதம்தான். மூன்று நாளில் நடந்ததையும் எட்டு நாளில் நடந்ததையும் இந்த முறை 1 மாதம் என்றே சொல்லும். அறிக்கையில் அதைப் படிக்கும் நிர்வாகி, நமக்கு ஒரு மாத அவகாசம் இருக்கிறது என்று புரிந்துகொள்கிறார்.

இரண்டாவது, நாங்கள் மிகவும் கவலைப்படுவது. அந்த மண்ணீர்த் தரவு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஜிஎல்டிஏஎஸ், இரா5-லேண்ட் போன்ற, வானிலைத் தரவிலிருந்து மண்ணீரைக் கணினியில் கணக்கிடும் தரை மாதிரிகளிலிருந்து. ஜிஎல்டிஏஎஸ்ஸின் நோவா மாதிரியில் மண் நான்கு அடுக்கு: 10, 40, 100, 200 செ.மீ. வரை. இரா5-லேண்டில் 7, 28, 100, 289 செ.மீ. வரை. அதாவது எல்லா இடத்திலும் இரண்டு மீட்டர், ஏறத்தாழ மூன்று மீட்டர் மண் இருப்பதாகவே அவை கணக்கிடுகின்றன. 30 செ.மீ.க்குக் கீழே பாறை என்பது அவற்றுக்குத் தெரியாது. பாறை வெடிப்பு வழியே நீர் ஒழுகிப்போவதும் தெரியாது. அந்த மண்ணீருக்கு உள்ளீடும் மழைதான். மழையைக் கொடுத்து மண்ணீரை வாங்கி, இரண்டுக்கும் ஒட்டுறவு பார்த்தால் கிடைப்பது அந்த மாதிரிக்குள் எழுதப்பட்ட மண் ஆழத்தின் தாமதமே. நிலத்தின் தாமதம் அதில் இல்லை. 1965இல் பால்மர் வகுத்த வறட்சிக் குறியீட்டுக்கும் இது பொருந்தும்: மேல் அடுக்குக்கு 25 மி.மீ. என்று கொள்ளும் அந்த முறையில் கீழ் அடுக்கின் கொள்ளளவை இடத்துக்கேற்ப மாற்றலாம். மாற்றாமல் பயன்படுத்தினால் கார்ஸ்ட் வயல் அதில் வளமான சமவெளியாகத் தெரியும்.

மூன்றாவது, சராசரி. முகடு, சரிவு, அடிக்குழிவு மூன்றையும் வரைபடத்தின் ஒரே கட்டத்தில் போட்டுச் சராசரி எடுக்கிறோம். முகட்டில் 15 செ.மீ. மண், குழிவில் ஒன்றரை மீட்டர். மேலே பயிர் கருகும்போது கீழே பச்சையாக இருக்கும். பெருமழையில் மேலே நீர் நிற்காது, கீழே நீரை உள்ளிழுக்கும் விழுங்குகுழி அடைத்துக்கொண்டு வயல் மூழ்கும். இரண்டின் சராசரியில் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும்.

செயற்கைக்கோள் இதைத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2009 நவம்பரில் ஏவிய ஸ்மாஸ், 2015 ஜனவரியில் ஏவிய ஸ்மாப் இரண்டும் மேல் 5 செ.மீ. ஈரத்தை, சில பத்து கிலோமீட்டர் அகலக் கட்டங்களில் அளக்கின்றன. பாறை துருத்திய, மேடுபள்ளமான, புதர் மூடிய நிலத்தில் அந்த அளவீட்டின் நம்பகம் மேலும் குறைகிறது. தாவரப் பசுமைக் குறியீடோ தாமதமாகச் சொல்கிறது; போதாக்குறைக்கு மரமும் பயிரும் அதில் கலந்துவிடுகின்றன. மரங்கள் எபிகார்ஸ்டுக்குள் வேர் விட்டவை. டெக்சஸின் எட்வர்ட்ஸ் பீடபூமியில் 20 மீட்டருக்கும் கீழே குகைகளுக்குள் மர வேர்கள் கண்டறியப்பட்டுள்ளன. மானாவாரி மக்காச்சோளம் சுருண்டு கிடக்கும் வாரத்தில் பக்கத்துக் காடு பச்சையாக இருப்பது இயல்பு. இரண்டும் செயற்கைக்கோள் படத்தின் ஒரே புள்ளியில் விழுந்தால் படத்தில் வறட்சி இல்லை. ஆகவே பசுமைக் குறியீட்டைப் பயன்படுத்துவதானால் முதலில் பயிர்நிலத்தைத் தனியாகப் பிரித்து, மரமும் புதரும் கலந்த புள்ளிகளை நீக்குங்கள். நீக்கியபின் ஒரு மாவட்டத்தில் பத்துப் புள்ளிதான் மிஞ்சியது என்றால் அந்தப் பத்தே போதும்.

மரத்துக்கு வறட்சியே வராது என்றும் பொருளில்லை. எபிகார்ஸ்டில் தேங்கிய நீர் தீர்ந்தபின் மரமும் வாடும். அது தீர மாதங்கள் ஆகும். மீண்டும் நிரம்பவும் அதுபோலவே ஆகும். பழத்தோட்டத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் ஒரே நாளில் வறட்சி தொடங்குவதுமில்லை, ஒரே நாளில் முடிவதுமில்லை. இரண்டையும் தனித்தனியாக அறிவிக்க வேண்டும்.

பாறை வகையும் பருவமும் பரவு காலத்தை மாற்றும். டோலமைட் ஓரளவு சீராகச் சிதையும். மண் மெல்லியதானாலும் பரவலாக இருக்கும். சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியே கரையும்; மேலே பாறையும் இடுக்கில் ஆழமான மண்ணும் கலந்து கிடக்கும். ஆகவே ஒரே மழைக்குறைவில் டோலமைட் சரிவின் பயிர் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வாடும். சுண்ணாம்புக்கல் சரிவிலோ செடிக்குச் செடி வேறுபடும். பருவத்தைப் பொறுத்தவரை, குளிர்ந்த மாதத்தில் பயிரின் நீர்த்தேவை ஒரு நாளைக்கு 1.5 மி.மீ. என்றால் அதே 15 மி.மீ. பத்து நாள் தாங்கும். ஆண்டு முழுதுக்கும் ஒரே பரவு காலம் என்று ஓர் எண்ணை அறிக்கையில் எழுதுவதால் பயனில்லை. பருவவாரியாக, பாறைவாரியாக எழுதினால் உதவும்.

இனி, நாங்கள் கேட்பவை.

மண் ஆழத்தை அளந்து பதியுங்கள். இதற்கு 10 மி.மீ. தடிமனும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள இரும்புக் கம்பி போதும். மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மண் பதமாக இருக்கும்போது, வயலில் 10 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் குறைந்தது 25 இடங்களில் பாறை தட்டும்வரை குத்தி ஆழத்தைக் குறிக்க வேண்டும். காய்ந்த களியில் குத்தினால் கம்பி நின்றுவிடும், பாறை என்று தவறாகப் பதிவாகும். பெரிய கல்லில் தட்டியதா அடிப்பாறையில் தட்டியதா என்று சந்தேகம் வந்தால் 20 செ.மீ. தள்ளி மீண்டும் குத்துங்கள். சராசரியை எழுதாதீர்கள். பத்துப் புள்ளிகளில் 12, 15, 18, 20, 20, 22, 25, 30, 90, 140 செ.மீ. என்று வந்தால் சராசரி 39, நடுமதிப்பு 21. ஓர் இடுக்கின் 140 செ.மீ. மொத்த வயலையும் ஆழமானதாகக் காட்டிவிடுகிறது. நடுமதிப்பையும், 20 செ.மீ.க்குக் குறைவான புள்ளிகள் எத்தனை விழுக்காடு என்பதையும் எழுதுங்கள். பிறகு வயல்களை 20க்குக் கீழ், 20 முதல் 40, 40 முதல் 80, 80க்கு மேல் என்று நான்கு வகையாகப் பிரியுங்கள். மேலே சொன்ன கல் கலந்த களியில் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் பயிர் நீர், அதாவது பயிருக்குக் கிடைக்கும் நீர், 9 மி.மீ. என்று கொள்ளலாம், 20 செ.மீ. மண்ணுக்கு 18, 40 செ.மீ. மண்ணுக்கு 36.

நாள்வாரி மண்ணீர்க் கணக்கை ஒவ்வொரு வகைக்கும் ஓட்டுங்கள். நேற்றைய பற்றாக்குறையோடு இன்றைய பயிர் நீர்த்தேவையைக் கூட்டி, இன்றைய மழையைக் கழியுங்கள். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த உபரியை ‘பாறைக்குள் போனது’ என்று தனி நெடுவரிசையில் எழுதிவிட்டுப் பற்றாக்குறையைப் பூஜ்யமாக்குங்கள். அந்த உபரியை மறுநாளுக்குச் சேர்த்து வைக்கக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். பற்றாக்குறை எளிதில் எடுக்கும் அளவைத் தாண்டியதும் பயிர் நீர்த்தேவையை ஒரு குறைப்புக் காரணியால் பெருக்க வேண்டும். மண்ணில் மிஞ்சியுள்ள பயிர் நீரை, வாட்டம் தொடங்கும் நிலையில் மிஞ்சியிருந்த நீரால் வகுத்தால் அந்தக் காரணி கிடைக்கும். ஒன்றில் தொடங்கி பூஜ்யம் வரை இறங்கும். மழை, வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் ஆகிய ஐந்தும் பதியும் வானிலை நிலையம் இருந்தால் இந்தக் கணக்கை ஒரு சாதாரண விரிதாளில் முடிக்கலாம்.

பாறை துருத்திய வயலில் ஒரு திருத்தம் உண்டு. பரப்பில் 40 விழுக்காடு பாறை என்றால் பாறைமேல் விழும் மழையும் இடையில் உள்ள மண்ணுக்கே வழிந்து வரும், 10 மி.மீ. மழை அந்த மண்ணுக்கு ஏறத்தாழ 17 மி.மீ. வரை ஆகலாம். சிறு மழையில் இது பயிருக்குப் பெரும் உதவி. பெருமழையில் உதவாது, ஏனெனில் பாறையும் மண்ணும் சேரும் விளிம்பிலேயே நீர் கீழே நழுவிவிடுகிறது. வெயில் நாளில் சூடேறிய பாறை பக்கத்து மண்ணை இன்னும் விரைவாகக் காயவைக்கவும் செய்யும்.

கணக்கைச் சரிபார்க்க ஒவ்வொரு வகை வயலிலும் 10 செ.மீ., 25 செ.மீ. ஆழங்களில் ஈர உணரிகள் வேண்டும். பாறை ஒட்டிய இடத்தில் ஒன்று, திட்டின் நடுவில் ஒன்று. நிறுவனம் தரும் அளவுத்திருத்தம் களி மிகுந்த மண்ணுக்குப் பொருந்தாது. கன அளவு தெரிந்த உருளையில் மண்ணெடுத்து, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி எடைபோட்டு, ஈரமான நாள் முதல் காய்ந்த நாள் வரை பல நிலைகளில் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். களி காயும்போது சுருங்கி உணரியை விட்டு விலகும். அப்போது அது காட்டும் எண் உண்மையைவிடக் குறைவு. மழையில் அந்த இடைவெளி வழியே நீர் இறங்கினால் உண்மையைவிட அதிகம். திடீரென்று பாயும் இரண்டு வகை எண்களையும் சோதிக்காமல் அறிவிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அறிவிப்பின் எல்லையைப் பயிர்ப் பருவத்தோடு கட்டுங்கள். 1979இல் உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட விளைச்சல் எதிர்வினை எண்களின்படி மக்காச்சோளத்துக்கு வளர்ச்சிப் பருவத்தில் 0.4, பூக்கும் பருவத்தில் 1.5, மணி நிரம்பும் பருவத்தில் 0.5. நீர் 40 விழுக்காடு குறைந்தால் வளர்ச்சிப் பருவத்தில் விளைச்சல் 16 விழுக்காடு போகும். பூக்கும் பருவத்தில் 60 விழுக்காடு போகும். ஆகவே எங்கள் பரிந்துரை: பூக்கும் பருவத்தில் குறைப்புக் காரணி 0.5க்குக் கீழே தொடர்ந்து ஐந்து நாள் இருந்தால் வேளாண் வறட்சி. மற்றப் பருவங்களில் பத்து நாள். 20 செ.மீ.க்குக் குறைந்த மண்ணும் 80 செ.மீ.க்கு மேற்பட்ட மண்ணும் ஒரே வட்டத்துக்குள் இருந்தால் அறிவிப்பும் அந்தந்த வகைக்குத் தனியாக வர வேண்டும். வேர்மண் ஈரம் 20 நாளுக்குள் 40ஆம் சதமானத்துக்கு (நூறு பதிவுகளில் கீழிருந்து 40ஆவது இடத்துக்கு) மேலிருந்து 20ஆம் சதமானத்துக்குக் கீழே இறங்குவதை ஆய்வாளர்கள் திடீர் வறட்சி என்று வகைப்படுத்துகிறார்கள். மெல்லிய கார்ஸ்ட் மண்ணுக்கு இது அரிதான நிகழ்வு அல்ல. கோடையில் மழை பத்து நாள் நின்றாலே நடப்பது. அதைப் புதுவகைப் பேரிடராக எண்ணி வியப்பதைவிட, இந்த நிலத்தின் வழக்கமான வறட்சியாக விதிமுறையில் எழுதுவதே பொருத்தம்.

சுனைகளை அளவிடுங்கள். பயிரைக் காக்க எஞ்சியிருக்கும் தண்ணீர் அதுதான். மலைச்சரிவுச் சுனையில் 90 பாகை முக்கோண வெட்டுள்ள தகட்டைப் பொருத்தி, வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டத்தின் உயரத்தை மீட்டரில் அளந்து, அதை 2.5 அடுக்குக்கு உயர்த்தி 1.38ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கனமீட்டர் என்று வரும். 10 செ.மீ. உயரத்துக்கு நொடிக்கு 4.4 லிட்டர், 5 செ.மீ.க்கு 0.77 லிட்டர்தான். உயரத்தைத் தகட்டின் விளிம்பில் அளக்காதீர்கள், அங்கே நீர் தாழ்ந்து வளையும். உயரத்தைப் போல் நான்கு மடங்கு தூரம் பின்னால் அளக்க வேண்டும். மழை நின்றபின் ஒரு மாதம் நாள்தோறும் குறித்தால் சுனை எந்த வேகத்தில் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். நாளுக்கு 5 விழுக்காடு வேகத்தில் இறங்கும் சுனை 14 நாளில் பாதியாகும். 30 நாளில் 22 விழுக்காடுதான் மிஞ்சும். நாளுக்கு அரை விழுக்காடு வேகத்தில் இறங்கும் சுனையில் 30 நாளுக்குப் பிறகும் 86 விழுக்காடு இருக்கும். பக்கத்துப் பக்கத்துச் சுனைகளில்கூட இந்த வேறுபாடு உண்டு. எந்த ஊரின் பாசனம் எந்தச் சுனையை நம்பியிருக்கிறது என்று அறியாமல், மாவட்டம் முழுதுக்கும் தண்ணீர் எத்தனை நாளுக்கு வரும் என்று சொல்ல முடியாது.

பாசன முறையையும் மண்ணுக்கேற்ப மாற்றுங்கள். 15 நாளுக்கு ஒரு முறை 50 மி.மீ. என்பது சமவெளியின் கணக்கு. வாட்டம் தொடங்கும் நிலையில் இருக்கும் 30 செ.மீ. மண்ணில் 15 மி.மீ.க்குத்தான் இடம் உண்டு. மீதி 35 மி.மீ. பாறைக்குள் போகும், உரத்தையும் கொண்டுபோகும். அதே தண்ணீரை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 12 முதல் 15 மி.மீ. வீதம் கொடுத்தால் மூன்று நான்கு தடவைக்கு வரும். 1,000 சதுர மீட்டர் வயலுக்கு 15 மி.மீ. என்பது 15 கனமீட்டர். பூக்கும் பருவத்தில் நான்கு தடவைக்கு 60 கனமீட்டர் தொட்டி தேவைப்படும். அந்தத் தொட்டியின் அடித்தளமும் சுவரும் கசியாதபடி பூசப்பட்டிருக்க வேண்டும். கார்ஸ்ட் தரையில் வெறும் மண்குளம் தோண்டினால் விரிசல் வழியே நீர் ஒழுகும், சில இடங்களில் அடித்தளமே உள்வாங்கிவிடும். ஆழ்துளைக் கிணறு தோண்டித் தீர்க்கலாம் என்ற திட்டங்களும் வருகின்றன. கார்ஸ்டில் ஒரு துளை நீரோடும் பிளவைத் தொடும். சில மீட்டர் தள்ளித் தோண்டிய இன்னொன்று கெட்டிப் பாறையில் வறண்டு நிற்கும். பணத்தை முதலில் சுனைகளுக்கும் தொட்டிகளுக்கும் ஒதுக்குங்கள்.

வறட்சி முடிந்தது என்று அறிவிப்பதிலும் இதே கவனம் வேண்டும். 30 மி.மீ. மழையில் மெல்லிய மண் நிரம்பிவிடும். மண்ணீர்க் குறியீடு அன்றே இயல்புக்கு வரும். பட்டிழை காய்ந்துபோன மக்காச்சோளத்துக்கு அந்த மழையால் பயனில்லை. சுனையும் உயராது, எபிகார்ஸ்ட் இன்னும் வறண்டே இருக்கும். வெடித்த களியில் முதல் பெருமழையின் ஒரு பகுதி மண்ணை நனைக்காமலே பிளவு வழியே கீழே போயிருக்கும். மண்ணீர் மீண்ட நாளையும் சுனை மீண்ட நாளையும் தனித்தனியாக அறிவியுங்கள். இழப்பீட்டுக்கு இரண்டையுமே அளவுகோலாகக் கொள்ளாமல், பூக்கும் பருவத்தில் எத்தனை நாள் குறைப்புக் காரணி 0.5க்குக் கீழே இருந்தது என்ற பதிவை மட்டும் பாருங்கள்.

இவற்றில் எதற்கும் புதுக் கருவி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மண் ஆழம் குத்துவதை விதைப்புக்கு முன்பே ஒரு பருவத்தில் முடிக்கலாம். நாள்வாரிக் கணக்கைக் கடந்த 30 ஆண்டு மழைப்பதிவில் ஓட்டிப் பார்த்து, மாதக் குறியீடு எத்தனை வறட்சிகளைத் தவறவிட்டிருக்கிறது என்று உங்கள் துறையே பட்டியலிடலாம். அந்தப் பட்டியலையும் மண் ஆழ வரைபடத்தையும் பொதுவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அடுத்த விதைப்புப் பருவம் தொடங்கும் முன் குறைந்தது ஒரு வட்டத்திலாவது ஐந்து நாளுக்கு ஒருமுறை மண்வகைவாரி அறிவிப்பைத் தொடங்குங்கள். கணக்கைச் சரிபார்க்க நாங்கள் உடன் இருக்கிறோம்.

இப்படிக்கு,
கார்ஸ்ட் நிலநீர், பயிர்நீர், வறட்சிக் குறியீடுகள் ஆகிய துறைகளில் பணிபுரிவோர்